முப்பத்தேழு பிழைகளும் ஜெர்சன் அண்ணனும்

செய்தி வந்தபோது நான் ஒரு நிலக்கரிக் கப்பலின் கடல் பக்கத்தில், படகில் நின்றுகொண்டிருந்தேன். கப்பலின் உடம்பில் எழுதியிருக்கும் எண்களில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று படித்துச் சொல்வதுதான் என் வேலை. டிராஃப்ட் சர்வே என்பார்கள். முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று மூன்று இடங்கள். கரைப் பக்கம் மூன்று, கடல் பக்கம் மூன்று, ஆக ஆறு எண்கள். அந்த ஆறையும் வைத்துத்தான் உள்ளே எத்தனை டன் சரக்கு என்று கணக்கிடுவோம். நான்கு முடிந்திருந்தது. சட்டைப் பையில் போன் விடாமல் அதிர்ந்தது. மீதி இரண்டையும் படித்து எழுதிய பிறகுதான் எடுத்தேன்.

'நங்கூர ரகசியம்' படக்குழுவின் வாட்ஸ்அப்பில் உதவி இயக்குநர் அமல் எழுதியிருந்தான். தமிழ்த் திரையின் மாமேதை, காலத்தை முந்திய கலைஞன் ஜெர்சன் இன்று காலை மாரடைப்பால் மறைந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். இதே அமல்தான் இரண்டு வருடத்துக்கு முன் அவர் இயக்கிய அந்தப் படம் வெளியான அன்று, இடைவேளையில் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "இவரு பேசாம கல்யாண வீடியோவே எடுத்துக்கிட்டு இருந்திருக்கலாம்லே" என்று என்னிடம் சொன்னவன். நாற்பத்தேழு வயது வரை வீடியோக்காரராக இருந்த மனிதர் இறந்து அரை மணி நேரத்தில் மாமேதை ஆகிவிட்டார். இவ்வளவு வேகமாக வேலை செய்யும் இயந்திரம் எங்கள் துறைமுகத்தில் ஒன்றுகூட இல்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'நங்கூர ரகசியம்' காவியம் அல்ல. சுமாரான படம். சுமார் என்பதையே கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்கிறேன். தலைப்பே தவறு. நங்கூரத்துக்கு என்ன ரகசியம்? கீழே போகும், மேலே வரும். அஞ்சலி எழுதுகிறவன் பொய் சொல்ல வேண்டும் என்று எங்கும் விதி இல்லை. ஜெர்சன் அண்ணனிடம் நான் பொய் சொன்னதே இல்லை. இப்போது தொடங்கினால் அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

அவரை நான் முதலில் பார்த்தது கப்பல் நிற்கும் பெர்த்தில். சர்வே அறிக்கைகளுக்குப் படம் எடுத்துக் கொடுக்க வருவார். மற்ற நாட்களில் கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகளின் புதுநன்மை, கடைத் திறப்பு. நான் தாமிரபரணிக் கரையில் வயலும் வாய்க்காலுமான ஊரில் பிறந்தவன். வேலைக்குச் சேர்ந்து முதல் தடவை படகில் கடல் பக்கம் போனபோது வாந்தி எடுத்துவிட்டேன். "ஆத்துத் தண்ணிக்காரனுக்கு உப்புத்தண்ணி சேராதுலே" என்று சொல்லிக்கொண்டே, நான் வாயைத் துடைப்பதைப் படம் எடுத்தார் மனிதர். எண்ணை எடுங்கள், என்னை எதற்கு எடுக்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் அசரவில்லை. "நீ தண்ணியப் பாக்குத. நான் தண்ணியப் பாக்கவன் மூஞ்சியப் பாக்கேன்" என்றார். அறிக்கைக்கு வேண்டிய படத்தை அன்று மறந்தேபோனார். நான் மறுபடி போய் என் போனில் எடுத்தேன்.

இந்தப் படத்துக்கான கருவும் என் வாயிலிருந்து விழுந்ததுதான். அந்தப் பாவத்தை ஒப்புக்கொள்கிறேன். ஒருநாள் கப்பலின் சீஃப் ஆபீசருக்கும் எனக்கும் இரண்டு சென்டிமீட்டரில் தகராறு. அலை ஏறி இறங்கும்போது எது சரியான மட்டம் என்பதில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் சேர்ந்து நின்று மறுபடி படித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். இரண்டு சென்டிமீட்டருக்கா இந்தச் சண்டை என்று அண்ணன் கேட்டார். இந்தக் கப்பலில் ஒரு சென்டிமீட்டர் என்றால் அறுபது டன் என்றேன். அவர் கேமராவை மூடினார். "அப்போ இந்தப் பென்சில வச்சே ஒருத்தன் மலையத் திருடலாம், என்னலே?" என்றார். அடுத்த வாரம் கதை தயார். உப்பளம் வைத்திருக்கும் ஒருவர் தயாரிப்பாளரும் ஆனார். நிபந்தனை ஒன்றுதான்: அவருடைய தங்கை மகன்தான் ஹீரோ.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை. கதிர் என்ற சர்வேயர் ஒரு நிலக்கரிக் கப்பலின் எண்களைப் படிக்கிறான். காகிதத்தில் உள்ளதைவிடச் சரக்கு குறைவு. நடுக்கடலிலேயே திருடி விற்றிருக்கிறார்கள், பின்னால் ஒரு அமைச்சர் இருக்கிறார் என்று கண்டுபிடிக்கிறான். பெர்த்தில் வேலை பார்க்கும் ஃபோர்மேன் ஒருவர் இதற்கு உடந்தை என்று பத்திரிகைக்குச் சொல்கிறான். மறுநாள், பழி தாங்காமல் கடலில் விழுந்த அந்த ஃபோர்மேனின் உடல் கரை ஒதுங்குகிறது. பிறகு அடியாட்கள், துரத்தல், உப்பு மேட்டின் மேல் ஒரு காதல் பாட்டு. கடைசியில் அமைச்சர் கைது. துறைமுக வாசலில் ஹீரோ ஏழு நிமிடம் பேசுகிறார். சிஸ்டம் என்ற சொல் அதில் பத்துக்குக் குறையாமல் வருகிறது.

சதி செய்கிறவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பட்டப்பகலில் உப்பளத்தில் கூடி, யார் எந்தக் குற்றத்தை எந்தத் தேதியில் செய்ய வேண்டும் என்று ஒருவருக்கொருவர் விளக்கமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கூட்டாளிகளுக்கு இதெல்லாம் முன்பே தெரியும். தெரியாதது நமக்கு, நமக்காகப் பேசுகிறார்கள். ஹீரோ துறைமுகத்தில் ஏறிய டவுன் பஸ் அடுத்த காட்சியில் காயல்பட்டினத்துச் சந்துக்குள் நிற்கிறது, அந்தச் சந்தில் ஆட்டோ திரும்பினாலே அதிசயம். உளவுத்துறை அதிகாரி என்று ஒருவர் வருகிறார். அவர் செய்யும் ஒரே உளவு, கதவுக்குப் பின்னால் நிற்பது.

ஆனால் பெரிய பிழை இவை எதுவும் இல்லை. படத்தில் கதிர் கரையில் நின்று, கரைப் பக்கத்து எண்களை மட்டும் படிக்கிறான். கடல் பக்கம் போகவே இல்லை. கப்பல் எப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். கடல் பக்கம் சாய்ந்தால் கரைப் பக்கம் தூக்கிக்கொள்ளும், கரையில் நின்று பார்ப்பவனுக்குச் சரக்கு குறைந்த மாதிரித் தெரியும். அதனால்தான் இரண்டு பக்கமும் படித்து நடுமட்டம் எடுக்கிறோம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருவது இது. படப்பிடிப்பில் நான் சொன்னேன். படகுக் காட்சியும் எழுதித்தான் வைத்திருந்தார். ஹீரோ படகைப் பார்த்ததுமே தலைசுற்றல் என்று வேனுக்குள் போய்ப் படுத்துவிட்டார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "கேமராவுக்கு ஒரு பக்கந்தாம்ல உண்டு. விடு" என்றார் அண்ணன். நான் கோபத்தில் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். டைட்டிலில் 'தொழில்நுட்ப ஆலோசனை' என்று என் பெயரைப் போட்டுப் பழிவாங்கினார்.

வெளியான அன்று படம் முடிந்து தியேட்டர் வண்டி நிறுத்தத்தில் என்னைப் பிடித்தார். புதுச் சட்டை, அதில் மடிப்புக்கூடக் கலையவில்லை. "எப்பிடிலே இருக்கு?" என்றார். சுற்றிலும் ஆட்கள் அருமை, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "அண்ணே, உங்க அமைச்சர் நிரபராதி." அவருக்குப் புரியவில்லை. கப்பல் வெறுமனே சாய்ந்து நின்றிருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் படித்துவிட்டு உங்கள் ஹீரோ ஊரைக் கொளுத்துகிறான், சரக்கு முழுசாக உள்ளேதான் இருக்கிறது என்றேன். அந்த ஃபோர்மேன் சும்மாவே செத்தார் என்றேன். அண்ணன், "எல்லாத்தையும் எழுதித் தா" என்றார்.

எழுதினேன். முப்பத்தேழு பிழைகள், எண் போட்டு, காட்சி வாரியாக. நான்காம் நாள் தியேட்டரில் வேறு படத்தின் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். ஐந்தாம் நாள் என் பட்டியல் அவர் கைக்குப் போனது. மனிதாபிமானம் உள்ளவன் ஒரு வாரம் பொறுத்திருப்பான்.

நியாயமாக, நல்லதையும் சொல்ல வேண்டும். ஆபீஸ் காட்சி. செத்துப்போன ஃபோர்மேனின் மனைவி காலையிலேயே ஒரு கையெழுத்துக்காக வந்திருக்கிறாள். நடிக்க வேண்டிய பெண் வரவில்லை என்று அண்ணன் தன் மனைவி சகாய மதினியையே உட்கார வைத்துவிட்டார். அந்தக் காட்சியில் இசை கிடையாது. எழுத்தர் ஒரு தடவைகூட முடியாது என்று சொல்வதில்லை. ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிடுகிறார். டீ வருகிறது. சார் வந்துவிடுவார் என்கிறார். இப்போதுதானே அம்மா வந்தீர்கள் என்கிறார். வெளியே கிரேன் கரி அள்ளும் சத்தம். மதினி கையில் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அதிகாரம் மனிதனை எப்படி நசுக்கும் என்று வெள்ளைச் சட்டைக்காரர்கள் இரண்டு மணி நேரம் கத்திச் சொல்ல முடியாததை அந்த டீ கிளாஸ் சொல்லிவிடுகிறது. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. நடுவில் கிரேன் சத்தம் திடீரென்று அறுந்துவிடுகிறது, கொஞ்ச நேரம் வெறும் ஃபேன் சத்தம், பிறகு மறுபடி கிரேன். பட்டியலில் அது இருபத்திரண்டாம் எண். 'ஒலிப்பதிவுப் பிழை. கவனக்குறைவு' என்று எழுதியிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அந்தப் படகுக் காட்சியை எடுத்துச் சேர்க்கிறேன், ஒருநாள் முழுக்க என்னோடு வா என்றார். அடுத்த கப்பலுக்குப் பார்ப்போம் என்றேன். அதையே எத்தனை கப்பலுக்குச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. ஊற்றிக்கொண்ட படத்தில் போய் எதைச் சேர்ப்பது? ஓடாத இஞ்சினுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை என்றுதான் நினைத்தேன். அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார். சர்வேக்குப் படம் எடுக்க மட்டும் வழக்கம்போல வந்தார். படகில் வழக்கத்தைவிட அதிகமாகக் கேமராவை ஓடவிட்டார். பேட்டரியை வீணாக்காதீர்கள் என்று திட்டினேன்.

அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்து மதினி கூப்பிட்டார். போனேன். அமலும் இருந்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் படத்தைப் போடுவதாக ஏற்பாடு. 'காவியம் படைத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று ஃபிளெக்ஸ்கூட அடித்தாகிவிட்டது. ஹீரோ இப்போது ஒரு கட்சியில் பொறுப்பில் இருக்கிறார், அவர்தான் சிறப்பு விருந்தினர். தகராறு என்னவென்றால், அண்ணனின் கம்ப்யூட்டரில் படத்தின் இன்னொரு வடிவம் இருந்தது. இறந்த அன்று காலையில் நாற்காலியில் அவர் சாய்ந்து கிடந்தபோது திரையில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். அதைத்தான் போட வேண்டும் என்றார் மதினி. அமல் ஒப்பவில்லை.

"செத்த மனுசன் படத்துல நாம கை வைக்கக் கூடாது மதினி. ஊரு ஏத்துக்கிட்ட படம் அது."

"ஊரு எங்கன ஏத்துக்கிச்சு? நாலாம் நாளே போஸ்டர மாத்திட்டான்." மதினி குரலை உயர்த்தவில்லை. "கை வச்சது நான் இல்ல தம்பி. அவுகதான். ரெண்டு வருசமா சோறு ஆறிப்போறதுகூடத் தெரியாம இதுல உக்காந்திருந்தாவ. ஒரு தடவையாவது நம்ம சனம் பாக்கட்டும்."

ஹீரோவின் பேச்சு புதியதில் இல்லை, விருந்தினரை அழைத்துவிட்டு அவர் பேச்சையே வெட்டினால் அசிங்கம் என்றான் அமல். மதினி என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்துச் சொல்லுங்க. எது சரின்னு சொல்ல உங்களுக்குத்தான் தெரியும்னு அவுக சொல்லுவாவ."

பார்த்தேன். அடியாட்கள் இல்லை. பாட்டு இல்லை. வெள்ளைச் சட்டைகள் பாதிதான். கதிர் கரையில் நின்று படிக்கிறான், பத்திரிகைக்குச் சொல்கிறான், ஃபோர்மேன் சாகிறார். அதற்குப் பிறகு ஒரு படகு. கடல் பக்கத்து எண்கள். படிக்கிறவனின் முதுகும் பின்னந்தலையும் மட்டும் தெரிகின்றன. அது என் தலை. எண்களைச் சொல்கிற குரலும் என்னுடையது. அந்த இரண்டு வருடமும் நான் வரமாட்டேன் என்று சொன்ன படப்பிடிப்பில்தான் இருந்திருக்கிறேன். கரை எண்ணும் கடல் எண்ணும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன, நடுமட்டம் வருகிறது. சரக்கு முழுசாக இருக்கிறது. அமைச்சர் யோக்கியர் என்று படம் சொல்லவில்லை, இந்தத் திருட்டு நடக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது. பிறகு நேராக ஆபீஸ் காட்சி. மதினி காத்திருக்கிறார். படம் முடிகிறது.

இப்போதும் நல்ல படம் என்று சொல்லமாட்டேன். ஹீரோவைவிட என் தோள் அகலம், படகுக் காட்சியின் நிறமே வேறு. கடல் ஒரு ஷாட்டில் பச்சை, அடுத்த ஷாட்டில் சாம்பல். ஆனால் அமலிடம் சொன்னேன், இதில் ரெண்டு பக்கமும் படித்திருக்கிறார், இதுதான் சர்வே, முந்தியது வேடிக்கை என்று. சிஸ்டத்தைப் பற்றி ஹீரோ பேச ஆசைப்பட்டால் படம் தொடங்குமுன் மைக்கில் பேசட்டும் என்றேன். பேசினார். ஏழு நிமிடத்தைத் தாண்டிப் பேசினார்.

மண்டபம் நிறைந்திருந்தது. பெரும்பாலும் கப்பலில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள், அவர்களுடைய வீட்டுப் பெண்கள். படகுக் காட்சி வந்ததும் ஹீரோ போனைக் காதில் வைத்தபடி எழுந்து வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை. அமல் பின்னாலேயே ஓடினான். கதவு மூடியது. ஆபீஸ் காட்சி தொடங்கியது. திரையில் மதினி காத்திருந்தார். முன் வரிசையிலும் மதினி உட்கார்ந்திருந்தார். இசை இல்லை, ஃபேன், டீ, வெளியே கிரேன். இப்போதுதானே அம்மா வந்தீர்கள் என்றார் எழுத்தர். கிரேன் சத்தம் அறுந்தது. இருபத்திரண்டாம் பிழை என்று மனதில் டிக் போட்டேன்.

எனக்குப் பின்னால் ஒரு பெரியவர், கப்பலில் சரக்கு தூக்கும் வின்ச்சை ஓட்டி ஓய்வுபெற்றவர், பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு மணியாயிட்டு. ஷிப்டு மாறுது. காலைல வந்தவள இன்னும் உக்கார வச்சிருக்கான் பாரு."

அவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவன் அங்கே நான் ஒருவன்தான். மற்ற எல்லோருக்கும் அந்த அமைதி எத்தனை மணி என்று தெரிந்திருந்தது. இரண்டு மணிக்கு ஷிப்டு மாறும்போது கிரேன் நிற்கும், அடுத்த ஆள் ஏறியதும் மறுபடி ஓடும். ஆறு வருடமாகத் தினமும் அந்தச் சத்தத்துக்குக் கீழேதான் நிற்கிறேன். அது நிற்கும்போது கைக்கடிகாரத்தைச் சரிபார்த்திருக்கிறேன். அதைப் போய்க் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மதினி என் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. படகுக் காட்சிக்கு நேரே ஒரு டிக். மற்ற பலவற்றுக்கு நேரே 'இனி முடியாது' என்று எழுதியிருந்தார். சிலவற்றுக்கு எதுவும் எழுதவில்லை, பென்சிலை அழுத்தி வைத்த புள்ளி மட்டும். இருபத்திரண்டுக்கு நேரே, அந்தக் கோணல் கையெழுத்தில்: 'பிழை இல்ல. மணி ரெண்டு. நீ சர்வேயரா?' எப்போது எழுதினார் என்று தெரியவில்லை. என்னிடம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன், அது அவருக்கும் தெரியும்.

அவரை மேதை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். என்னிடம் இருப்பது அந்தத் தாள். முப்பத்தேழில் ஒன்றை அவர் திருத்திவிட்டார். ஒன்று என்னுடையது. மீதி முப்பத்தைந்தும் தாளில் டிக் இல்லாமல் அப்படியே இருக்கின்றன, அவற்றுக்கு எல்லாம் அவர்தான் பொறுப்பு. அவர் இருந்திருந்தால் அதைப் பற்றிச் சண்டை போட்டு முடிக்க இன்னும் இரண்டு வருடமாவது ஆகியிருக்கும்.